துடிப்பு இறங்கியும் அறுவை சிகிச்சை செய்யாதது ஏன்?

கேள்வி: என் மகளின் பிரசவத்தின்போது, ஒவ்வொரு வலிக்கும் குழந்தையின் இதயத் துடிப்பு 140இலிருந்து சட்டென்று 90க்கு இறங்கி, உடனே ஏறியது. மருத்துவர் சிசேரியன் செய்யாமல், அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வலிக்காகப் போட்டிருந்த டிரிப்ஸை நிறுத்திவிட்டார். குழந்தை சுகமாகவே பிறந்தது; ஆனாலும் அந்தத் தாமதம் சரிதானா?

பதில்: திரையில் எண் இறங்கியதை மட்டும் வைத்து மருத்துவர் முடிவெடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. வலி இல்லாத வேளையில் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். துடிப்பைக் காட்டும் கோடும் வழவழவென்று ஓடாமல், 5 முதல் 25 துடிப்பு அளவுக்கு ஓயாமல் நெளிய வேண்டும். குழந்தையின் மூளைக்கு ஆக்சிஜன் போதுமான அளவு கிடைக்கிறது என்பதற்கு அந்த நெளிவே நல்ல சாட்சி என்பதால், சிடிஜி (குழந்தையின் துடிப்பையும் தாயின் வலியையும் பதியும் கருவி) தாளில் நான் முதலில் தேடுவது அதைத்தான். (குழந்தை உறங்கும்போது சுமார் 40 நிமிடம் வரை நெளிவு குறைவது இயல்பே.)

அடுத்து, துடிப்பு இறங்கும் விதம். சட்டென்று இறங்கிச் சட்டென்று ஏறினால், பெரும்பாலும் வலியின்போது தொப்புள்கொடி நசுங்குகிறது என்று பொருள். மாறாக, மெல்ல இறங்கி, வலி உச்சத்தைத் தாண்டிய பிறகே அடிமட்டத்தைத் தொட்டு, வலி ஓய்ந்த பின்னும் தாமதமாக மீண்டால், நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜன் போதவில்லையோ என்று ஐயப்பட வேண்டும். அத்துடன் நெளிவும் மறைந்துவிட்டால் காத்திருக்கவே கூடாது.

நீங்கள் எழுதியிருப்பது முதல் வகையைப் போல் தோன்றுகிறது. ஒருக்களித்துப் படுக்கும்போது தொப்புள்கொடியின் மீதான அழுத்தம் மாறுகிறது. கருப்பையின் கனமும் தாயின் பெரிய இரத்தக் குழாய்களை விட்டு விலகுகிறது. டிரிப்ஸில் கொடுக்கப்படும் ஆக்ஸிடோசின் வலியைக் கூட்டும் மருந்து. இரண்டு வலிகளுக்கு இடையில்தான் நஞ்சுக்கொடிக்கு இரத்தம் தடையின்றிப் பாய்கிறது என்பதால், 10 நிமிடத்தில் 5 வலிக்கு மேல் வந்தால் குழந்தை தேறிக்கொள்ள அவகாசம் கிடைக்காது. ஆகவே, நீங்கள் தாமதம் என்று நினைப்பது உண்மையில் காரணத்தைக் களையும் சிகிச்சை. இத்தகைய வேளையில் தாயின் இரத்த அழுத்தத்தைப் பார்ப்பதும், தொப்புள்கொடி நழுவி வெளியே வந்திருக்கிறதா என்று உள்பரிசோதனை செய்வதும், கருவி தாயின் துடிப்பையே தவறாகப் பதிகிறதா என்று அவருடைய நாடியைப் பிடித்துப் பார்ப்பதும் வழக்கம்.

தொடர்ச்சியாகக் கருவி வைத்துக் கண்காணிப்பதால் பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் வலிப்பு குறைந்தாலும், மூளை வாதம் (மூளைப் பாதிப்பால் வரும் உடல் இயக்கக் குறைபாடு) குறையவில்லை, சிசேரியன்தான் கூடியது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒவ்வொரு இறக்கத்துக்கும் கத்தியை எடுக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். துடிப்பு இறங்கி 3 நிமிடத்துக்கு மேலும் மீளாதிருந்தால், அதை அவசர நிலையாகக் கருதி, குழந்தையை விரைந்து வெளியே எடுப்பதற்கான ஏற்பாடுகளையும் அவர்கள் உடனே தொடங்கியிருப்பார்கள்.