வாசகர் கேள்வி: வார்டு கணிப்பு

5,000 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து, சென்னையில் எங்கள் வார்டு யாருக்கு என்று சொல்ல முடியுமா?
(வாசகர், பெரம்பூர்)

முடியாது. மாநகராட்சியில் 200 வார்டுகள். சமமாகப் பிரித்தால் வார்டுக்கு 25 பேர்தான். 25 பேரின் பதிலில் பிழை வரம்பு கூட்டியும் குறைத்தும் ஏறக்குறைய 20 புள்ளி. ஒரு கட்சிக்கு 40 சதவீதம் என்று வந்தால், உண்மை நிலவரம் 20 ஆகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம். அதே 5,000 பேர் நகரம் முழுக்க ஒரு கட்சிக்கு எவ்வளவு ஆதரவு என்பதை நன்றாகவே காட்டுவார்கள். ஆனால் கவுன்சிலர் வார்டில்தானே ஜெயிக்க வேண்டும்? மேயரைக்கூட 2022-இல் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். ‘மேயராக யார் வரவேண்டும்’ என்று வாக்காளரிடம் கேட்பது பேப்பருக்குத் தலைப்பாகும், அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்போர் சங்கமே வார்டில் கணிப்பு எடுக்கலாமா? வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் போதாதா?
(வாசகி, வேளச்சேரி)

எடுக்கலாம், வாட்ஸ்அப்பில் வேண்டாம். அங்கே ஆர்வம் உள்ளவர்கள்தான் பதில் போடுவார்கள்.

வார்டு வாக்காளர் பட்டியலை எடுங்கள். 30,000 பேர் இருந்தால் 600 பெயர் பொறுக்குங்கள்: 1 முதல் 50-க்குள் சீட்டுக் குலுக்கி ஓர் எண், பிறகு ஒவ்வொரு 50-ஆவது பெயர். 17 வந்தால் 17, 67, 117 என்று போகும். வீடு மாறியவர், இறந்தவர் போக 400 பேர் கிடைத்தால் பிழை சுமார் 5 புள்ளி.

பெரும்பாலான கணிப்புகள் கெடுவது இதற்கப்புறம்தான். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுவிடுகிறார்கள். பகல் பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களும் இல்லத்தரசிகளும். வேலைக்குப் போகிறவர்கள் அப்படியே விடுபடுவார்கள். அதே ஆளைத் தேடி மூன்று முறை போங்கள். அதில் ஒரு முறையாவது மாலை ஏழுக்கு மேல், ஒரு முறை ஞாயிறு.

குப்பை, சாக்கடை பற்றி முதலில் கேட்காதீர்கள். கோபத்தைக் கிளப்பிவிட்டு ஓட்டைக் கேட்டால் பதில் ஒரு பக்கம் சாயும். ஓட்டுக் கேள்வி முன்னால் வரட்டும். அதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டாம். கணவர், மாமியார் எதிரில் யார் உண்மை சொல்வார்? வேட்பாளர் பெயரும் சின்னமும் அச்சடித்த சீட்டில் குறித்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். வேட்புமனு வாபஸ் முடியும் முன் எடுத்தால் சுயேச்சைகள் யார் என்றே தெரியாது.

இன்னொன்று, 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் வாக்குப்பதிவு 43 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது. ‘ஓட்டுப் போடுவீர்களா’ என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். போன தடவை போட்டீர்களா, எந்தப் பள்ளியில் பூத் என்று கேளுங்கள். தடுமாறுகிறவர்களின் சீட்டைத் தனியாக அடையாளமிட்டு, சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை எண்ணுங்கள். முன்னணி மாறினால் அந்த வார்டை ‘இழுபறி’ என்றே எழுதுங்கள்.