கால்மிதியை முதலில் சுருட்டி வையுங்கள்

கேள்வி: லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. ஒன்பது வயதில், கருத்தடை செய்த பெண் நாய் ஒன்று இருக்கிறது. இப்போது பத்து வாரக் குட்டியும் வந்திருக்கிறது. தடுப்பூசி முடியும்வரை அதைத் தெருவில் விடக் கூடாதாம். பேப்பர் விரித்தும் கால்மிதியில்தான் ஒன்றுக்குப் போகிறது. அதைப் பார்த்துப் பெரியதும் படுத்த இடத்தை நனைக்கிறது. இரண்டையும் எப்படிப் பழக்குவது?
– சென்னை வாசகி

பதில்: பெரியதைப் பழக்க வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இத்தனை வருடம் சுத்தமாக இருந்த நாய் தூங்கும்போது நனைக்கிறது என்றால், பெரும்பாலும் அதற்கே தெரியாமல் கசிகிறது. குட்டியைப் பார்த்துக் கெட்டுப்போகவில்லை, பாவம். கருத்தடை செய்த பெண் நாய்களுக்குச் சிறுநீரை அடக்கும் தசை தளர்ந்து இப்படி ஆவதுண்டு. பலவற்றுக்கு மாத்திரையிலேயே கட்டுப்படும். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு என்றும் இருக்கலாம். வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடிக்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். கசிகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

சரி, குட்டிக்கு வருவோம். காலுக்கு மெத்தென்று, ஈரத்தை உறிஞ்சுவதாக எது இருந்தாலும் அது குட்டிக்குக் கழிப்பிடம்தான். வழவழ டைல்ஸில் நழுவும் பேப்பரைவிடக் கால்மிதி எவ்வளவோ வசதி! ஆகவே கொஞ்ச நாளைக்கு எல்லாக் கால்மிதிகளையும் சுருட்டிப் பரணில் போடுங்கள். பால்கனி மூலையில், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் தள்ளி, விளிம்புள்ள தட்டில் பேப்பரைக் கனமாக விரித்து, குட்டியின் சிறுநீர் பட்ட பேப்பர்த் துண்டு ஒன்றை மேலே வையுங்கள். செயற்கைப் புல்லும் போடலாம், தினமும் அலச முடியுமானால். அலசும் தண்ணீர் கீழ்வீட்டுக் கொடியில் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தட்டுக்குக் கூட்டிப்போங்கள். இந்த வயதில் பகலில் இரண்டு, மூன்று மணி நேரம் அடக்குவதே பெரிது. ஓடிக்கொண்டிருந்தது சட்டென நின்று, தரையை மோந்தபடி வட்டமடித்தால் உடனே கிளம்புங்கள். தூக்காமல் நடத்திக் கூட்டிப்போனால் வழியும் பழகும். போய் முடித்த அந்த நொடியிலேயே, அங்கேயே ஒரு பிஸ்கட் துணுக்கு. ஹாலுக்குத் திரும்பி வந்து கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது.

தவறிய இடத்தில் மூக்கைத் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போகத்தான் கற்றுக்கொள்ளும். அந்த இடத்தைப் பினாயில் போட்டும் துடைக்காதீர்கள். நம் மூக்குக்குத்தான் வாடை மறையும், நாய்க்கு மறையாது. பினாயிலை மிதித்த பாதத்தை நக்கினால் வயிற்றுக்கும் கெடுதல். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், சிறுநீர் வாடையையே சிதைக்கும் என்சைம் கிளீனர் நல்லது.

தடுப்பூசி முடிந்ததும் நனைந்த பேப்பர் ஒன்றைக் கீழே கொண்டுபோய் மண்ணில் போட்டுக் காட்டுங்கள், பழகிவிடும். அதற்காகத் தட்டை எடுத்துவிட வேண்டாம். ஐப்பசி மழையில் விடியற்காலை மூன்று மாடி இறங்க உங்களுக்கே மனசு வராது.