‘வெறும் சளி’தானே என்கிறீர்கள்

வணக்கம்,

தான்சானியாவில் டாங்கனிக்கா ஏரிக்கரையில், மஹாலே மலைக்காட்டை ஒட்டிய ஒரு விடுதிக்கு நானும் மகளும் போவதாக இருக்கிறோம். பல வருடச் சேமிப்பு. எந்த மாதம் நல்லது? சிம்பன்சிகளை ஒரு மணி நேரம்தான் பார்க்க விடுவார்களாம், அதிலும் முகக்கவசம் கட்டாயமாம். படத்தில் எங்கள் முகம்கூடத் தெரியாது. மகளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். வெறும் சளிக்கெல்லாம் தடுத்துவிடுவார்களா?

க., கோவை

அன்புள்ள க.,

மகளோடு போகிறீர்கள் என்பதே சந்தோஷம். சாலையே இல்லாத காடு, படகில்தான் போய் இறங்க வேண்டும். அவள் மறக்கமாட்டாள். படத்தில் முகம் தெரியாத துக்கத்துக்கு என்னிடம் மருந்து இல்லை.

ஆனால் ‘வெறும் சளி’ என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக மெக்கிரெகரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதே கரையில் வடக்கே கோம்பே காட்டில் இருந்த கிழ ஆண் சிம்பன்சி. சிம்பன்சிகளை ஆராய 1960-இல் அங்கே போன ஜேன் குடால் வைத்த பெயர். 1966-இல் அந்த வட்டாரத்து மனிதர்களுக்குப் போலியோ வந்தது, காட்டுக்குள்ளும் போனது. மெக்கிரெகருக்கு இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. கைகளை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு நகரும். ஒருநாள் மரத்தின் மேல் மற்றவை கூடி ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. இது கைகளாலேயே தொற்றித் தொற்றி மேலே ஏறி, சந்தோஷமாக முனகிக்கொண்டு கையை நீட்டியது. அவை விருட்டென்று அப்பால் தாவிப் போய்விட்டன. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹம்ப்ரி என்ற ஒன்று மட்டும் அதை விட்டு அகலாமல் கிடந்தது. கடைசியில் ஒரு கையும் மூட்டு நழுவிப் போக, இதற்கு மேல் வதை வேண்டாம் என்று சுட்டுவிட்டார்கள்.

எங்கள் தெருவிலும் போலியோவில் கால் சூம்பிய அண்ணன் ஒருவர் உண்டு. கையில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தவழ்ந்து வருவார். நாங்கள் பம்பரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த சந்துக்கு ஓடுவோம். அதனால் ஹம்ப்ரியின் மேல் எனக்குத் தனி மரியாதை. சரி, அது வேறு கதை.

மிச்சமிருந்த சிம்பன்சிகளுக்குக் குடால் போலியோ சொட்டு மருந்தை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தார். சளிக்கு அப்படி எதை வைத்துக் கொடுப்பீர்கள்? நீங்கள் போகிற மஹாலேயிலேயே 2006-இல் சளிக்காய்ச்சல் பரவிப் பல சிம்பன்சிகள் செத்தன, குட்டிகள் உட்பட. சோதித்தபோது கிடைத்தது மனிதர்களுக்கு வருகிற மெட்டாநிமோ வைரஸ். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது மூக்கொழுகலோடு போய்விடும். சிம்பன்சியின் உடம்புக்கு இது பழக்கமில்லாத கிருமி, நெஞ்சில் இறங்கிவிடுகிறது. உடல்வாகில் நமக்கு அவ்வளவு நெருக்கமான உறவு என்பதாலேயே நம் நோய் அங்கே சுலபமாக ஒட்டுகிறது. முகக்கவசமும் பத்து மீட்டர் இடைவெளியும் உங்களை வதைக்கப் போட்ட சட்டமா?

தடுப்பார்களா என்று கேட்கிறீர்கள். தடுப்பார்கள். தடுக்காவிட்டாலும் நீங்களே நில்லுங்கள். தும்மலை அடக்கிக்கொண்டு, மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு மலையேறும் சாமர்த்தியத்தை மகளுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள். அவளுக்குச் சளி என்றால் அன்று இருவரும் கரையிலேயே இருங்கள். கட்டின பணம் போனால் போகட்டும். இருட்டினால் மீனவர்கள் விளக்குப் படகுகளில் டகா என்ற பொடிமீன் பிடிக்க வருவார்கள், அதைப் பாருங்கள்.

மாதம் கேட்டிருந்தீர்கள் அல்லவா, ஆகஸ்டு, செப்டம்பர். மழை இருக்காது, சிம்பன்சிகளும் அடிவாரப் பக்கம் இறங்கியிருக்கும்.