மிலிட்டரி லாரிக்கு மறுபடி உயிர்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் முப்பது வருஷம் லாரி பட்டறை வைத்திருந்தவன் நான். மணலிப் பக்கம் ஒரு காயலான் கடையில் வெட்டுக்குக் காத்திருந்த இரண்டாம் உலகப் போர்க்கால ஷெவர்லே லாரியை எடை போட்டு வாங்கினேன். நாலு வருஷம் அதோடு மல்லுக்கட்டி, போன பொங்கலன்று பட்டறை வளாகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டினேன். அன்றிலிருந்து ஆளுக்கொரு கேள்வி. அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருவொற்றியூர் தம்பி: அண்ணே, உங்களுடையது சக்திமான்தானே? எங்கள் தெருமுனையிலும் அப்படி ஒன்று நிற்கிறது.

இல்லை தம்பி. நம் ஊரில் பச்சை அடித்த பழைய லாரி எல்லாமே சக்திமான்தான்! சக்திமான் என்பது ஜெர்மனியின் மான் கம்பெனி உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் செய்த டீசல் வண்டி. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. என்னுடையது அதற்கும் மூத்தது, கனடாவில் பிறந்தது. பிரிட்டிஷ் ராணுவம் கேட்ட மாதிரிக்கு அங்கே ஃபோர்டும் ஷெவர்லேயும் ஒரே ஜாடையில் செய்து தள்ளின. கனடியன் மிலிட்டரி பேட்டர்ன், சுருக்கமாக சி.எம்.பி. என்பார்கள். நாலு லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

உன் தெருவில் நிற்பது எது என்று பார்க்க வேண்டுமா? மூக்கு சப்பையாக இருக்கிறதா என்று பார். சி.எம்.பி.யின் கடைசி மாடல் கேபினில் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னால் துருத்தி, கீழ்விளிம்பு உள்ளே போயிருக்கும். வெயில் பட்டுப் பளபளத்து மேலே பறக்கிற விமானத்துக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அப்படிச் செய்தார்கள். பானட்டைத் திறந்தால் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் இருப்பது ஷெவர்லே, நாலு நாலாக இரண்டு வரிசை விரிந்து நிற்கும் வி-எட்டு என்றால் ஃபோர்டு. ஆனால் போருக்குப் பிறகு ஏலத்தில் எடுத்தவர்களில் பலர் பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் இன்ஜின் மாட்டிவிட்டார்கள். அதனால் இன்ஜினை மட்டும் பார்த்து முடிவு கட்டாதே.

வியாசர்பாடியிலிருந்து ஒருவர்: இன்ஜின் ஜாம். இன்னொரு லாரியில் கயிறு கட்டி, கியரில் போட்டு இழுத்தால் விடுபடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா சார்?

வேண்டாம். அப்படி இழுத்தால் பிஸ்டனோடு கோத்த கனெக்டிங் ராடு வளையும், அல்லது ஒட்டிக்கொண்ட வால்வு பிஸ்டனில் இடிக்கும். பிளக்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயும் ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் விடுங்கள். பத்து நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு முன்னால் இன்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைப் போட்டு முன்னும் பின்னுமாக லேசாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் இன்னும் பத்து நாள். என்னுடையது நாற்பதாவது நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்று பட்டறையில் எல்லோருக்கும் பிரியாணி.

அதே நண்பர்: ஓடத் தொடங்கிய பிறகு ஆயில் மீட்டர் ரொம்பக் குறைவாகக் காட்டினால்?

ஷெவர்லேயின் 216 கன அங்குல இன்ஜின் என்றால் பயப்படாதீர்கள். அதில் ராடு பேரிங்குக்கு இன்றைய வண்டிகள் மாதிரி அழுத்தத்தில் ஆயில் போகாது. ராடின் அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒன்று இருக்கும். அது ஆயிலை மொண்டு மொண்டு தனக்குத்தானே ஊட்டிக்கொள்ளும். மீட்டர் 15 பவுண்டைத் தொடுவதே அபூர்வம். பேரிங்கும் ராடிலேயே உருக்கி வார்த்த ஒயிட் மெட்டல் என்ற மெத்தென்ற உலோகம், கடையில் செட்டாகக் கேட்டால் கிடைக்காது. வார்த்து, லேத்தில் கடைந்து, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து இடைவெளி சரிபார்க்கத் தெரிந்த கை இப்போது மிகக் குறைவு. அப்படி ஒரு டர்னர் கிடைத்தால் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினைப் பிடித்து உறுமவிடாதீர்கள். நிதானமாக இழுக்கப் பிறந்தது அது.

கொருக்குப்பேட்டை தம்பி: அண்ணே, டயர் பஞ்சர். சக்கரத்தில் ரெண்டு வரிசை நட்டு இருக்கிறது. எதைக் கழற்றுவது?

இதைப் படித்து முடிக்கும் வரை ஸ்பானரைத் தொடாதே. உள்வரிசை நட்டு சக்கரத்தை ஹப்போடு பிடித்திருப்பது. வெளிவரிசை நட்டு ரிம்மின் இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது. டயரில் காற்று இருக்கும்போது வெளிவரிசையைத் தளர்த்தினால் ரிம் இரண்டாகப் பிளந்து பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். எதிரில் நிற்பவர் பிழைக்க மாட்டார். அதனால்தான் ராணுவத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு அடித்து வைத்தார்கள். எண்பது வருஷத்தில் அந்தச் சிவப்பு எங்கே இருக்கப்போகிறது?

முதலில் வால்வு ஊசியையே கழற்றி எடு. கம்பி விட்டுப் பார்த்து, காற்று முழுக்கப் போனதை உறுதி செய். பஞ்சர்தானே, காற்று இருக்காது என்று நினைக்காதே. துரு அடைத்துக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். பழையபடி மாட்டிக் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான ஓஸ் போட்டுத் தள்ளி நின்று அடி. ரிம்மில் விரிசலோ, போல்ட் ஓட்டை நீண்டிருப்பதோ தெரிந்தால் காயலான் கடைக்கே திருப்பிக் கொடு. வெல்டு வைக்காதே. முதலில் நட்டுகளுக்குச் சிவப்பு அடி, மற்ற பெயின்ட் எல்லாம் அப்புறம்.

காசிமேட்டிலிருந்து ஒருவர்: எங்கள் தாத்தா இந்த மாதிரி லாரியில் மீன் ஏற்றினார். பாடி பார்க்க நன்றாக இருக்கிறது. சேஸிஸ் தாங்குமா?

மீன் வண்டி என்றதுமே வயிறு கலங்குகிறது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் சேஸிஸ் மேல் சொட்டியிருக்கும். மேலே பளபளவென்று இருந்தாலும் குறுக்குச் சட்டம் சேரும் மூலையில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ணங் என்றால் இரும்பு, தொப் என்றால் துரு.

துரு போக மணல் வீச்சு (சாண்ட் பிளாஸ்டிங்) அடிக்கலாம், ஆனால் சேஸிஸுக்கு மட்டும். மெல்லிய தகட்டுக்கு அடித்தால் நெளிந்துவிடும். நம் கடற்காற்றில் மணல் அடித்த இரும்பு சாயங்காலத்துக்குள் காவி பூத்துவிடும். நான் ஒரு ஐப்பசியில் அடித்துவிட்டு, பிரைமரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன். ராத்திரி மழை, காலையில் முழு சேஸிஸும் ஆரஞ்சுப் பழ நிறம். திரும்ப முதலிலிருந்து. அடித்த அன்றே எபாக்சி பிரைமர் பூசிவிடுங்கள். கை எட்டாத இடுக்குத் துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட். நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகளில் கேளுங்கள். கையுறை முக்கியம்.

பெரம்பூர் வாசகி: ஐயா, அப்பா ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். அவருக்காக ஒரு லாரி வாங்கிப் பச்சை அடித்து, நம்பர் வாங்கி ரோட்டில் ஓட்ட ஆசை.

ஆசை நியாயமானதுதான் அம்மா, ஆனால் இரண்டு முட்டுக்கட்டை இருக்கிறது. ஆலிவ் பச்சை ராணுவ வாகனத்துக்கு மட்டுமே உரியது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, 121ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. நான் பழுப்பு அடித்தேன். ஏமாற்று இல்லை, போரின் நடுவில் பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் பழுப்பு நிறமும் அடித்தார்கள்.

அடுத்தது பதிவு. 50 வருஷம் தாண்டிய பழைய வண்டிகளுக்கு 2021இல் தனி விதி வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் 'விஏ' என்ற எழுத்து. ஆனால் அது இருசக்கர வண்டிக்கும், ஆள் ஏறும் நாலு சக்கர வண்டிக்கும்தான். சரக்கு லாரி அதில் வராது. அந்தப் பதிவு வாங்கினாலும் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. பழைய ஆர்.சி. இல்லாத லாரியை ரோட்டில் ஓட்டும் எண்ணத்தில் வாங்காதீர்கள். வாசலில் நிறுத்தி அப்பா ஏறி உட்கார்ந்தால் போதும் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

எண்ணூர் தம்பி: 6 வோல்ட்டை 12 ஆக மாற்றலாமா? செல்ஃப் சுற்றவே மாட்டேன் என்கிறது.

வோல்ட் மேல் பழி போடாதே. 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓடும். இப்போதைய கார் கேபிள் அதற்குப் பத்தாது. வெல்டிங் மெஷின் கேபிள் மாதிரி தடிமனாகப் போடு, எர்த் பிடிக்கும் இடத்தைப் பெயின்ட் போகச் சுரண்டு. சுற்றும்.

மூலக்கொத்தளத்திலிருந்து ஒருவர்: இப்போதைய எத்தனால் பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

ஓடும். பெட்ரோல் பம்பின் டயாபிரமும் ரப்பர் ஓஸும் உப்பிப் போகும், அவற்றை எத்தனால் தாங்கும் விட்டான் ரப்பர் ரகத்தில் மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள், ஈரம் இழுக்கும்.

புது வண்ணாரப்பேட்டை தம்பி: அண்ணே, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கக் கொடுப்பீர்களா?

பிரேக் லைனிங் புதுசாக ரிவெட் அடித்திருக்கிறேன், நிற்கும். கியர்தான் விஷயம். கியர் பற்கள் உரசாமல் சேர உதவும் சின்க்ரோ கிடையாது. ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு தடவை மிதித்து, இறக்கும்போது நடுவில் ஒரு ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டும். உன் வீட்டுப் பக்கம் பழைய லாரி டிரைவர் யாராவது இருந்தால் டபுள் கிளட்ச் கற்றுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. அவரையும் கூட்டி வா, முதல் ரவுண்டு அவருக்கு.