1914-ஆ, 1924-ஆ: எந்த கிப்சனை வாங்கலாம்?

கேள்வி: அமெரிக்காவில் வேலையில் இருக்கிறேன். இங்கே பழைய வாத்தியக் கடை ஒன்றில் கிப்சன் கம்பெனியின் 'ஏ' மாடல் மாண்டலின்கள் இரண்டு விற்பனைக்கு இருக்கின்றன. ஒன்று 1914, இன்னொன்று 1924. இரண்டாவது கிட்டத்தட்ட இரட்டை விலை. "லாயிட் லோர் காலத்தது" என்கிறார் கடைக்காரர். அவ்வளவு கொடுக்கலாமா? கொஞ்சம் கர்நாடக சங்கீதமும் வாசிக்க ஆசை.

பதில்: லோர் பெயரை முதலில் ஓரம் வையுங்கள். 1919 முதல் 1924 வரை அவர் கிப்சனில் வாத்தியங்களை வடிவமைத்தவர் என்பது உண்மைதான். ஆனால் அவர் கையெழுத்திட்ட லேபிள் இருப்பது 1922-ல் வந்த எஃப்-5 மாதிரியான உயர்வகைகளில். அமெரிக்க மாண்டலின் கலைஞர் பில் மன்றோ வாசித்தது அந்த வகை. சாதாரண 'ஏ'-க்கு அந்தப் பெயரைச் சொல்லி விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு உண்மையில் கழுத்துக்கு. 1920-களின் தொடக்கத்தில்தான் கிப்சனின் கலமசூ ஆலையில் கழுத்துக்குள் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியை வைக்க ஆரம்பித்தார்கள், அதனால் கழுத்து ஒல்லியாச்சு, வளைந்தாலும் முறுக்கி நிமிர்த்தலாம். தந்திகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜின் உயரத்தைத் திருகிச் சரிசெய்யும் வசதியும் அப்போது வந்ததுதான். 1914-ல் இது எதுவும் கிடையாது, கழுத்தும் தடிமனாக இருக்கும், சின்னக் கை என்றால் கொஞ்சம் சிரமம்.

அதற்காகப் பழையதைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டு) கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள், நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் மயிரிழை இடைவெளிதான் தெரிகிறதென்றால் கழுத்து நேர். நூறு வருஷம் தாண்டியும் நேராக நிற்கிற கழுத்து, லேசான தந்தி போட்டு வாசித்தால் இனியும் நிற்கும். அப்புறம் பிரிட்ஜுக்குக் கீழே மேல்பலகை அமுங்கியிருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், சின்னக் கண்ணாடி ஒன்றை ஓட்டைக்குள் விட்டு மேல்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாங்குகட்டை பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரி என்றால் நான் 1914-ஐத்தான் எடுப்பேன். நாதத்தில் வருஷத்தைவிட வாத்தியத்துக்கு வாத்தியம்தான் வித்தியாசம், இரண்டையும் ஒரே மாதிரித் தந்தி போட்டுக் கேளுங்கள்.

கர்நாடக சங்கீதத்துக்கு இரண்டுமே தோது இல்லை. இரட்டைத் தந்தியை இழுத்துக் கமகம் கொண்டுவருவது பெரும்பாடு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்ததே ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்தி உள்ள எலக்ட்ரிக் மாண்டலின்.

1914-ன் கழுத்து வளைந்திருந்தால் மட்டும் 1924 பக்கம் போங்கள். ராடின் திருகு சுழல்கிறதா என்று கடைக்காரரையே உங்கள் கண்முன் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள். இறுகிப்போயிருந்தால் ரிப்பேர் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.