நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸை விட்டால், மற்ற அமெரிக்க ஊர்களில் கால்பந்தை ஆதரிப்பது யார்?

கேள்வியோடு இன்னும் இரண்டையும் கேட்டிருந்தீர்கள்: குடியேறிகள்தான் முக்கிய ரசிகர்களா? அங்குள்ள இந்தியர்கள் பார்க்கிறார்களா?

நான் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில் குடும்பத்தோடு இருக்கிறேன். அமெரிக்கா முழுவதையும் பற்றிப் பொதுவாக அளப்பதை விட, எனக்குத் தெரிந்த இந்த ஊரை வைத்தே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கும் வகை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணமும் கிடைக்காது.

முதலில் ஒன்று. மைதானத்துக்குப் போகிறவர்கள் ஒரு கூட்டம், ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் விளையாடுகிறவர்கள் வேறு கூட்டம், டிவியில் வெளிநாட்டு லீக் பார்க்கிறவர்கள் மூன்றாவது கூட்டம். இவர்கள் ஒருவரையொருவர் அதிகம் சந்திப்பதில்லை. எல்லாரையும் ‘கால்பந்து ரசிகர்கள்’ என்று ஒரே கணக்கில் எழுதினால் விடை தப்பாகத்தான் வரும்.

சரி, மைதானத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

கொலம்பஸில் 9 லட்சம் பேர் வசிக்கிறார்கள். மாநிலத் தலைநகரம். ஆனால் விளையாட்டு என்று வந்தால் இங்கே குலதெய்வம் ஒன்றுதான்: ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணி, பக்ஐஸ். அவர்களுடைய மைதானத்தில் 1 லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆட்டம் உள்ள சனிக்கிழமை நீங்கள் வீட்டில் விசேஷம் வைத்தால் உள்ளூர் நண்பர்கள் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். அதைத் தாண்டிப் பெரிய லீக் ஃபுட்பால், பேஸ்பால், கூடைப்பந்து வேண்டுமென்றால் அடுத்த ஊருக்குத்தான் ஓட வேண்டும். என்.எஃப்.எல். என்ற ஃபுட்பால் லீக்கும் பேஸ்பாலும் கிளீவ்லாந்து, சின்சினாட்டியில், என்.பி.ஏ. என்ற கூடைப்பந்து லீக் கிளீவ்லாந்தில். அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தலைநகரம் இது.

1996ல் அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ். தொடங்கியபோது கொலம்பஸ் க்ரூ அணி வந்தது. ஊரின் ஐஸ் ஹாக்கி அணி 2000ல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ‘எங்கள் ஊர்’ என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே பெரிய லீக் அணி கால்பந்து அணிதான். அதன் முதல் ஆட்டத்துக்குப் பல்கலைக்கழக மைதானத்தில் 25 ஆயிரம் பேர் வந்தார்கள். தனி மைதானம் கட்ட வரிப்பணம் தரலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது மட்டும் மக்கள் ‘வேண்டாம்’ என்றுவிட்டார்கள் (ஆட்டம் பார்ப்போம், ஆனால் எங்கள் காசில் வேண்டாம், நியாயம்தானே). கடைசியில் உரிமையாளர் லமார் ஹண்ட் தன் பணத்தில், மாநிலப் பொருட்காட்சித் திடலை ஒட்டி 1999ல் மைதானம் கட்டினார். எம்.எல்.எஸ். அணி ஒன்றுக்காக, கால்பந்துக்கென்றே கட்டப்பட்ட முதல் மைதானம் அது. நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ இல்லை, இங்கேதான்.

இந்த அணியின் தீவிர ஆதரவாளர்கள் நிற்கும் பகுதிக்கு நோர்டெக்கே என்று பெயர். அங்கே உட்கார முடியாது, ஆட்டம் முடியும்வரை நிற்க வேண்டும். முன்னால் ஒரு சின்ன மேடையில் ஒருவர் ஒலிபெருக்கியோடு நிற்பார். ஆட்டத்துக்கு முதுகு, கூட்டத்துக்கு முகம். எந்தப் பாட்டு, எப்போது கைதட்டல், எப்போது குதிக்க வேண்டும் என்று எல்லாம் அவர் கையசைவில்தான். கோல் விழுந்ததையே பல சமயம் அவர் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். உடனே மஞ்சள் புகை கிளம்பும், யாரோ எறிந்த பியர் எல்லார் தலையிலும் மழையாக விழும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

அந்தக் கூட்டத்தை நன்றாகப் பார்த்தால் உங்கள் கேள்விக்கான பாதி விடை கிடைத்துவிடும். பெரும்பாலானவர்கள் இந்த ஊரிலோ பக்கத்து ஊர்களிலோ பிறந்த வெள்ளைக்காரர்கள், முப்பதிலிருந்து ஐம்பதுக்குள். ஆசிரியர், நர்ஸ், இன்சூரன்ஸ் கம்பெனி ஊழியர், எலக்ட்ரீஷியன் என்று கலவையாக இருப்பார்கள். பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். 90களில் அம்மா வேனில் ஏற்றி சனிக்கிழமை காலைப் புறநகர் லீக்கில் கொண்டுபோய் விட்டார். ‘சாக்கர் மாம்’ (கால்பந்துக்கு இங்கே சாக்கர் என்று பெயர்) என்ற சொல் 1996 அதிபர் தேர்தலில் அரசியல்வாதிகளின் வாயில் புரண்டதே, அந்த அம்மாக்கள்தான். அப்பாவுக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்றே தெரியாது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இப்போது தங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கால்பந்தை மரபுரிமையாகப் பெற்றவர்கள் இல்லை இவர்கள்; தங்கள் தலைமுறையில் தாங்களே தொடங்கிவைத்தவர்கள்.

லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் அங்கே உண்டு. லா டர்பினா அமரில்லா என்ற ஆதரவாளர் குழு அவர்கள் தொடங்கியது. முரசும், பாட்டுகளில் பலவற்றின் மெட்டும் தென் அமெரிக்க மைதானங்களிலிருந்து வந்தவை. 2008ல் க்ரூ முதல் தடவை எம்.எல்.எஸ். கோப்பை வென்றபோது ஆட்டத்தை இயக்கியவர் அர்ஜென்டினாவின் கியேர்மோ பாரோஸ் ஷெலோட்டோ. ஒஹாயோ பையன்கள் உச்சரிப்பைக் கொலை செய்து ஸ்பானிஷ் பாட்டுப் பாடுவது தனி அழகு. ஆனால் எண்ணிக்கையில் பெரும்பான்மை உள்ளூர்க்காரர்கள்தான்.

இவர்கள் எவ்வளவு ஒட்டுதலானவர்கள் என்பது 2017ல் தெரிந்தது. அப்போதைய உரிமையாளர் அந்தோணி ப்ரீகோர்ட், நகர மையத்தில் புது மைதானம் அமையாவிட்டால் அணியை டெக்சஸின் ஆஸ்டினுக்குக் கொண்டுபோவேன் என்று அந்த அக்டோபரில் அறிவித்தார். கூட்டம் போதவில்லை, வியாபாரம் போதவில்லை, இந்தச் சந்தை போதவில்லை என்பது வாதம். மறுநாளிலிருந்தே ‘சேவ் த க்ரூ’ என்ற இயக்கம் கிளம்பிவிட்டது. வீட்டு முற்றங்களில் பலகை, கடை ஜன்னல்களில் போஸ்டர், நகர மன்றத்தில் பேச்சு. கால்பந்தே பார்க்காதவர்கள் கூடப் பலகை நட்டார்கள், அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

அவர்களுக்குக் கையில் ஒரு சட்டமும் இருந்தது. 90களின் நடுவில் ஆர்ட் மோடெல் என்ற உரிமையாளர் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோய்விட்டார். அந்த ஆத்திரத்தில் ஒஹாயோ சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. வரிப்பண உதவி பெற்ற மைதானத்தில் ஆடும் அணி ஊரை விட்டுப் போக வேண்டுமென்றால் ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் வாங்க முன்வந்தால் வாய்ப்புத் தர வேண்டும். பல வருடம் தூங்கிக்கொண்டிருந்த அந்தச் சட்டத்தை 2018ல் மாநில அட்டர்னி ஜெனரல் மைக் டிவைன் தூசி தட்டி எடுத்து வழக்குப் போட்டார். மைதானம் ஹண்டின் பணத்தில் எழுந்தாலும் அரசு உதவியும் பெற்றது என்பது அவர் வாதம்.

அந்த வருடம் மைதானத்துக்கு வந்தவர்கள் சராசரி 12 ஆயிரத்துச் சொச்சம். வெறும் எண்ணைப் பார்த்தால் ‘பாருங்கள், ஆதரவே இல்லை’ என்று சொல்லிவிடலாம். ஆனால் என்ன நடந்தது? அணியைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்ப்பவருக்கு என் காசு எதற்கு என்று பலர் டிக்கெட் வாங்கவில்லை. இருக்கும்வரையாவது போய்ப் பார்ப்போம் என்று வேறு பலர் போனார்கள். இரண்டு தரப்புக்கும் காரணம் ஒன்றேதான். ஆகவே டிக்கெட் கணக்கை மட்டும் வைத்து ஓர் ஊரின் ஆதரவை அளக்கிறவர்களை நான் நம்புவதில்லை. அதே ஊரில், பின்னர் கிளீவ்லாந்தில் மறுபடி தொடங்கிய பிரவுன்ஸின் உரிமையாளர்களான ஹாஸ்லம் குடும்பமும் அணியின் மருத்துவராக இருந்த பீட் எட்வர்ட்ஸும் சேர்ந்து அணியை வாங்கிய பிறகு என்ன ஆயிற்று? 2020ல் கோப்பை, 2021ல் நகர மையத்தில் 20 ஆயிரம் பேருக்கான புது மைதானம், 2023ல் அங்கேயே இன்னொரு கோப்பை. இப்போது டிக்கெட் கிடைப்பதுதான் பிரச்சினை.

நடுவில் 2021ல் அணியின் பெயரை ‘கொலம்பஸ் எஸ்.சி.’ என்று மாற்றப் பார்த்தார்கள். ஆதரவாளர்கள் போட்ட சண்டையில் சில நாளிலேயே பழைய பெயர் திரும்பி வந்துவிட்டது. நிர்வாகத்தை இப்படிப் பின்வாங்க வைக்கும் பலம் பெருநகர ரசிகர்களுக்கே வாய்ப்பது அரிது.

கிளப்பை ஆதரிப்பதும் அமெரிக்க தேசிய அணியை ஆதரிப்பதும் கூட ஒன்றல்ல. 1998ல் லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்காவும் மெக்சிகோவும் கோல்ட் கப் (வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் போட்டி) இறுதியில் மோதியபோது 91 ஆயிரம் பேர் வந்தார்கள். பெரும்பாலோர் மெக்சிகோ பக்கம். சொந்த நாட்டிலேயே வெளியூர் ஆட்டம் மாதிரி. அதனால் 2001 பிப்ரவரியில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்கு மெக்சிகோ வந்தபோது, குளிரும் குறைந்த மெக்சிகோ கூட்டமும் உள்ள கொலம்பஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்கா 2-0. 2005, 2009, 2013 மூன்று தடவையும் இதே ஊர், இதே 2-0. ‘டோஸ் ஆ செரோ’ (ஸ்பானிஷில் ‘இரண்டுக்குப் பூஜ்யம்’) என்ற முழக்கம் இங்கேதான் பிறந்தது. 2016ல் மெக்சிகோ 2-1 என்று ஜெயித்து அந்த ராசியை உடைத்தது. இந்த ஊரின் ரசிகர்கள் யார் என்பதை அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம் அப்போதே கணக்குப் போட்டு வைத்திருந்தது என்று பாருங்கள்.

அப்படியென்றால் குடியேறிகள் எங்கே? பூங்காவில்.

கொலம்பஸில் சோமாலியர்கள் மிக அதிகம். மினியாபொலிஸுக்கு அடுத்து இங்கேதான். பூட்டானிலிருந்து அகதிகளாக வந்த நேபாளி பேசும் மக்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மேற்குப் பக்கத்தில் மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் குடும்பங்கள். கோடைக்கால ஞாயிறு மாலையில் வடக்குப் பக்கத்துப் பூங்கா ஏதாவதொன்றுக்குப் போனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். மைதானத்தில் பார்ப்பதை விட வேகமான ஆட்டம் என்று கூடச் சில நாள் தோன்றும். கோட்டுக்கு வெளியே தாத்தாக்கள் மடக்கு நாற்காலியில், ஒரு லாரியில் டாக்கோ வியாபாரம், ரெஃப்ரியைத் திட்ட மூன்று மொழி. ஆடுகிற பையனிடம் ‘நேற்று க்ரூ ஆட்டம் பார்த்தாயா?’ என்று கேட்டால் தோளைக் குலுக்குவான். அவன் போட்டிருப்பது மான்செஸ்டர் யுனைடெட்டோ பார்சிலோனாவோதான்.

காரணம் வெறுப்பு இல்லை. நாலு பேர் குடும்பம் டிக்கெட், பார்க்கிங், சாப்பாடு என்று போய் வந்தால் அந்த வார மளிகைச் செலவு போய்விடும். சனிக்கிழமை இரவு ஷிஃப்டில் கிடங்கு வேலை பார்ப்பவருக்கு நேரமும் இல்லை. அவர்கள் பிள்ளைகள் பெரிய கிளப்புகளில் சேர்ந்து பயிற்சி பெறவும் பணம் கட்ட வேண்டும். நம் ஊரில் ஒரு பந்து இருந்தால் போதும் என்ற ஆட்டம் இங்கே நடுத்தர வர்க்கத்தின் டியூஷன் மாதிரி ஆகிவிட்டது. 2023லிருந்து எம்.எல்.எஸ். ஆட்டங்கள் பெரும்பாலும் ஆப்பிள் டிவிக்குப் போய்விட்டன. உள்ளூர் சேனலைத் திருப்பும்போது தற்செயலாகக் க்ரூ ஆட்டம் கண்ணில் படும் வழியும் அதோடு போயிற்று. ஏற்கெனவே ரசிகராக இருப்பவர் தேடிப்போய்ப் பார்ப்பார். புதியவர் எப்படி வருவார்?

மூன்றாவது, டிவி கூட்டம். இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டங்கள் இங்கே சனிக்கிழமை காலை ஏழரைக்கே தொடங்கிவிடும். ஆர்சனலுக்கு ஒரு பார், லிவர்பூலுக்கு ஒரு பார் என்று ஊருக்குள் இடம் பிரித்து வைத்திருக்கிறார்கள். காபியும் பியரும் ஒரே மேஜையில். இவர்களில் கொஞ்சம் பேர் மாலையில் க்ரூ ஆட்டத்துக்கும் வருவார்கள். மற்றவர்களுக்கு உள்ளூர் லீக் என்றால் இளக்காரம். ஸ்பானிஷ் பேசும் வீடுகளில் மெக்சிகோ லீக் ஓடும். அமெரிக்கா முழுக்க எடுத்துக்கொண்டாலும் பல வருடங்களாக டிவியில் அதிகம் பேர் பார்த்த கால்பந்து லீக் அதுதான், எம்.எல்.எஸ். இல்லை.

இந்த மூன்று கூட்டமும் ஒரே இடத்தில் கூடியது என்றால் அது 2025 ஏப்ரலில், மெஸ்ஸியால். இன்டர் மயாமியுடன் ஆட வேண்டிய சொந்த ஊர் ஆட்டத்தைக் க்ரூ நிர்வாகம் கிளீவ்லாந்தின் பெரிய ஃபுட்பால் மைதானத்துக்கு மாற்றியது. 60 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம், மயாமி 1-0. இளஞ்சிவப்பு ஜெர்சி எங்கே பார்த்தாலும். வியாபாரமாகப் பார்த்தால் அமோகம். ஆனால் ஊரை விட்டுப் போகாதே என்று போராடி மீட்ட அணியை ஒருநாளாவது இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் கொண்டுபோனது பழைய ஆதரவாளர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. அந்த அறுபதாயிரத்தில் எத்தனை பேர் அடுத்த வாரம் கொலம்பஸுக்கு வருவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நம்மவர்கள். டப்ளின், பவல் பக்கத்துப் புறநகர்களில் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நிறைய. பெரியவர்களுக்குக் கிரிக்கெட்தான், ஐ.பி.எல். சீசனில் வேறு பேச்சே இல்லை. ஆனால் பிள்ளைகள் ஐந்து வயதிலிருந்தே சாக்கர் லீக்கில் ஆடுகிறார்கள். பள்ளியில் வகுப்புத் தோழர்கள் எல்லாம் க்ரூ பற்றிப் பேசுவதால் அவர்கள் நச்சரித்து அப்பா அம்மாவை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். நோர்டெக்கேவில் நம்மவர் முகம் இன்னும் அபூர்வம். பக்கவாட்டு இருக்கைகளில், மஞ்சள் தொப்பி போட்ட பையனும் ‘இதில் எது ஆஃப்சைடு?’ என்று அவனிடமே கேட்கிற அப்பாவுமாக, ஒவ்வொரு சீசனிலும் கொஞ்சம் கூடுதலாகத் தென்படுகிறார்கள்.