கொல்கத்தாவுக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: அக்கா, வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு கொல்கத்தா போகிறோம். நான், கணவர், இரண்டு சின்னப் பிள்ளைகள், மாமியார். என்னிடம் கேனான் 200டி இருக்கிறது. அதோடு வந்த 18-55 லென்ஸும் 55-250 லென்ஸும் உண்டு. புதிதாக ஒன்று வாங்க 12,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். 50 எம்.எம். எஃப் 1.8 வாங்கு என்கிறாள் தோழி. கட்டடங்களுக்கு 10-18 வைட் ஆங்கிள்தான் சரி என்கிறார் கடைக்காரர். 18-135 ஒன்றை வாங்கிவிட்டால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம் என்கிறார் கணவர். எதை வாங்கட்டும்?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மூன்று பேரும் நல்ல லென்ஸைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் போகும் ஊரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஓர் ஊருக்கு லென்ஸ் முடிவு செய்ய நான் இரண்டு விஷயம்தான் பார்ப்பேன். படமெடுக்கும் இடத்தில் எவ்வளவு தூரம் பின்னால் நகர முடியும்? நாம் அங்கே போகிற நேரத்தில் வெளிச்சம் எவ்வளவு இருக்கும்? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் லென்ஸ் தானாக முடிவாகிவிடும். எம்.எம். எண் சிறிதானால் லென்ஸ் அகலமாகப் பார்க்கும், பெரிதானால் தூரத்தைக் கிட்டே இழுக்கும். எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்.

வெளிச்சத்தை முதலில் பார்ப்போம். கொல்கத்தா நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. ஆனால் கடிகாரம் நாடு முழுக்க ஒன்றுதான். டிசம்பர் கடைசியில் பாளையங்கோட்டையில் மாலை 6 மணி வரை சூரியன் இருக்கும். கொல்கத்தாவில் 5 மணிக்கே மறைந்துவிடும். மதியம் சாப்பிட்டு, பெரியவரைக் கொஞ்சம் படுக்க வைத்து, 4 மணிக்கு அறையை விட்டுக் கிளம்பினால் உங்கள் கையில் ஒரு மணி நேரம்தான். அதற்குப் பிறகு எல்லாம் விளக்கு வெளிச்சம். பார்க் ஸ்ட்ரீட்டில் கிறிஸ்துமஸ் அலங்கார விளக்குகள், காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளின் பல்புகள், காபி ஹவுஸின் உயரமான கூரைக்குக் கீழே இருக்கும் மங்கல். அதனால் உங்கள் படங்களில் பாதியாவது குறைந்த வெளிச்சத்தில் எடுப்பதாகத்தான் இருக்கும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே 18-135 வேண்டாம் என்பேன். உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, லென்ஸ் மாற்றும் தொல்லை குறையும். ஆனால் அது உங்களுக்குப் புதிதாகத் தருவது 55-இலிருந்து 135 வரையிலான தூரம் மட்டும்தான். அதையும் உங்கள் 55-250 ஏற்கெனவே செய்கிறது. வெளிச்சத்தில் ஒரு பயனும் இல்லை. கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ் மாதிரியே இதுவும் ஜூம் செய்யச் செய்ய எஃப் 5.6-க்குப் போய்விடும். லென்ஸில் ஐ.எஸ். இருக்கிறதே என்று கேட்கலாம். அது கை நடுக்கத்தைத்தான் சரி செய்யும், எதிரில் இருப்பவரின் அசைவை நிறுத்தாது. கட்டடம் அசையாது, சரி. உங்கள் சின்னப் பிள்ளை அசையாமல் நிற்குமா?

அடுத்தது 10-18. கட்டடம் என்றதும் வைட் ஆங்கிள் என்று சொல்வது கடைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். விக்டோரியா நினைவு மண்டபத்தின் நீளம் 338 அடி, அதாவது 103 மீட்டர். உங்கள் கேமராவில் படம் பதியும் சில்லான சென்சாரின் அளவுக்கு, 18 எம்.எம். வைத்து அந்த முழு நீளமும் படத்துக்குள் வர 85 மீட்டர் தள்ளி நின்றால் போதும். அதைச் சுற்றி எவ்வளவு பெரிய தோட்டம் இருக்கிறது தெரியுமா? தாராளமாகப் பின்னால் போகலாம். அவ்வளவு வெட்டவெளியில் 10 எம்.எம். போட்டால் மண்டபம் பொட்டு மாதிரி சுருங்கி, முன்னால் வெறும் பாதைதான் தெரியும். கிட்டே போய் எடுத்தாலோ கேமராவை மேலே தூக்க வேண்டி வரும், கட்டடம் பின்னால் சாய்ந்து நிற்கும். குடும்பத்தை நிற்க வைத்து எடுத்தால் ஓரத்தில் நிற்பவரின் முகம் இழுபட்டுப் போகும். பெரும்பாலும் அது மாமியாராக இருக்கும்!

விக்டோரியாவில் லென்ஸைவிட முக்கியமான ஒன்று உண்டு. எல்லோரும் வடக்கு வாசல் வழியாக உள்ளே போய், மகாராணி சிலையோடு சேர்த்து அந்தப் பக்கத்தையே எடுப்பார்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் வடக்கு முகப்பு நாள் முழுக்க நிழலில்தான் இருக்கும். மக்ரானா சலவைக்கல், நிழலில் சாம்பல் நிறமாகத் தெரியும். சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் வாருங்கள். எட்வர்ட் மன்னர் வளைவு இருக்கும் அந்தப் பக்கத்தில் காலை வெயில் பட்டுக் கல் பொன்னாக மின்னும். 18-55 போதும், காசு செலவே இல்லை. தோட்டம் காலையிலேயே திறந்துவிடும். உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதையும் பார்த்துக்கொண்டு நாளை முடிவு செய்யுங்கள்.

இப்போது உங்கள் தோழி சொன்ன 50 எம்.எம். எனக்கு மிகவும் பிடித்த லென்ஸ் அது, கல்யாண வீடுகளில் மணப்பெண் அலங்காரத்தை நான் அதில்தான் எடுப்பேன். வெறும் 160 கிராம் எடை. உங்கள் கிட் லென்ஸ் 50-இல் தருவதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் 200டி மாதிரியான கேமராவில் சென்சார் சிறியது, 50 எம்.எம். அதில் 80 எம்.எம். மாதிரிப் பார்க்கும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, நிற்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க 4 மீட்டர் பின்னால் போக வேண்டும்.

கொல்கத்தாவில் அந்த 4 மீட்டர் எங்கே கிடைக்கும்? ஹவுரா பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தைக்குக் கட்டாயம் போவீர்கள், போக வேண்டும். செவ்வந்திச் சரங்களைக் கயிறு கயிறாகத் தலையில் ஏற்றிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். இடித்துக்கொண்டுதான் நடக்க முடியும். எடுக்க நினைப்பவர் உங்களுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பார். பின்னால் நகர்ந்தால் வேறொருவர் கூடைமேல் போய் விழுவோம். குமார்துலியும் அப்படித்தான். சிலை செய்கிறவர்களின் தெரு அது. வைக்கோலைக் கட்டி உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசுவார்கள். நீங்கள் போகும் நேரத்தில் துர்கை சிலைகள் இருக்காது, அதற்காக வருத்தப்பட வேண்டாம். சரஸ்வதி பூஜை ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும், அதற்கான சிலைகளைச் செய்யத் தொடங்கியிருப்பார்கள். பட்டறைகள் குறுகல், உள்ளே இருட்டு. 50-ஐப் போட்டால் சிலையின் முகம் வரும், செய்கிற கை வராது. எனக்கு இரண்டும் ஒரே படத்தில் வேண்டும்.

ஆகவே என் பதில், மூன்று பேரும் சொல்லாத ஒன்று: கேனான் 24 எம்.எம். எஃப் 2.8 எஸ்.டி.எம். பேன்கேக் என்பார்கள், அவ்வளவு தட்டையாக இருக்கும், 125 கிராம்தான். நிற்கும் ஆளை முழுதாக எடுக்க 2 மீட்டர் போதும். பூச்சந்தையில் எதிரே நிற்பவர் அப்படியே அடங்கிவிடுவார். 16 சென்டிமீட்டர் வரை கிட்டே போய் ஃபோகஸ் செய்யலாம். களிமண் ஒட்டிய விரலையும் எடுக்கலாம், மண்குவளைத் தேநீரையும் எடுக்கலாம். உங்கள் கிட் லென்ஸ் 24-இல் எஃப் 4 அளவுக்குத்தான் திறக்கும், இது அதைவிட இரண்டு மடங்கு வெளிச்சம் தரும். 50 அளவுக்கு இல்லைதான், ஆனால் வெளிச்சத்தைக் கேமரா உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.-வை 3200-இல் வைத்தால் பார்க் ஸ்ட்ரீட் விளக்குகளில் பிள்ளைகளின் முகம் தெளிவாகக் கிடைக்கும். தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாக வந்த படத்தைப் பத்து வருடம் கழித்தும் பார்க்கலாம், ஆடிப்போன படத்தை யாரும் பார்ப்பதில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. இந்த லென்ஸோடு கேமரா சின்னதாகத் தெரியும். எதிரில் இருப்பவர் மிரள மாட்டார். இருந்தாலும் குமார்துலியில் கேட்டுவிட்டு எடுங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம். பணம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

புதிதாகக் கிடைக்கவில்லை என்றால் செகண்ட் ஹாண்டில் தேடுங்கள். வாங்கும்போது லென்ஸின் பின்பக்கத்தில் போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். உங்கள் கேமராவில் மாட்டி, கிட்டேயும் தூரத்திலும் மாறி மாறி ஃபோகஸ் செய்து பாருங்கள். மீதிப் பணத்தில் ஒரு கூடுதல் பேட்டரி வாங்கிவிடுங்கள்.

வாங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு பாளையங்கோட்டை மார்க்கெட்டைச் சுற்றி வாருங்கள். ஊருக்குப் போய்ப் பழகுவதைவிட இங்கேயே பழகிக்கொள்வது நல்லது. பகலில் 18-55 இருக்கட்டும். பூச்சந்தைக்கும் குமார்துலிக்கும் போகும்போது அறையிலேயே 24-ஐ மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். சந்தையில் தரையெல்லாம் ஈரம், தூசி, இதழ்கள். அங்கே நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம்.

ஹவுரா பாலத்துக்கு ஒரு வார்த்தை. 1943-இல் திறந்த பாலம், இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே 457 மீட்டர். அதன்மேல் நின்று படமெடுக்கக் காவலர்கள் விட மாட்டார்கள், அவர்களோடு வாதாட வேண்டாம். படகுத்துறைக்கு வந்து ஹவுராவுக்குப் போகும் படகில் ஏறிவிடுங்கள். ஆற்றின் நடுவிலிருந்து பாலத்தை முழுதாக எடுக்க 18-55 போதும், மாமியாருக்கும் உட்கார்ந்தே ஊர் பார்த்ததாக இருக்கும். தெற்கே இருந்து வடக்குப் பார்த்து எடுப்பதால் காலை வெயில் உங்களுக்குப் பின்னால் இருக்கும். தட்சிணேஸ்வரத்திலும் பேலூர் மடத்திலும் படமெடுக்க அனுமதி இல்லை. அந்த நாளில் கேமராவை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாகக் கும்பிடுங்கள்.

55-250 வேண்டுமா? பிள்ளைகள் அலிப்பூர் உயிரியல் பூங்காவுக்குப் போக வேண்டும் என்றால் அந்த ஒரு நாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும். பிள்ளையைத் தூக்க ஒரு தோள் வேண்டுமே.

மஞ்சள் அம்பாஸடர் டாக்ஸியைக் கண்டதும் எடுத்துவிடுங்கள். அந்தக் கார் தயாரிப்பை 2014-இல் நிறுத்திவிட்டார்கள். 15 வருடம் ஆன டாக்ஸிகள் ஓடக் கூடாது என்பதால் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. ஒன்றில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, பின்னால் இருக்கும் நால்வரையும் 24-இல் எடுங்கள்.

கேள்வி: கேமரா இல்லை, போன் மட்டும்தான். ஜெய்ப்பூர் போகிறேன். ஹவா மஹால் முழுதாக வர, போனில் மாட்டும் கிளிப் வைட் லென்ஸ் வாங்கலாமா?
- வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். உங்கள் போனிலேயே 0.5 என்று ஒரு வைட் லென்ஸ் பெரும்பாலும் இருக்கும். கிளிப் லென்ஸ் கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரமெல்லாம் குழம்பிப்போகும். ஹவா மஹாலுக்கு அந்த 0.5-கூட நான் சொல்ல மாட்டேன். 1799-இல் கட்டிய ஐந்து மாடி முகப்பு அது, சின்னச் சின்ன ஜன்னல்களே 953 உண்டு. கீழே ரோட்டில் நின்று அண்ணாந்து எடுத்தால் மேல் மாடிகள் குறுகி, பின்னால் சாய்ந்து, ஜன்னல்களின் அழகே போய்விடும். எதிர்ப்பக்கக் கட்டடங்களின் மாடியில் காபிக் கடைகள் இருக்கின்றன. ஒரு டீ சொல்லிவிட்டு அங்கிருந்து 1-லேயே நேராக எடுங்கள். பிறகு 2 வைத்து ஜன்னல்களை மட்டும் தனியாக எடுங்கள். முகப்பு கிழக்குப் பார்த்தது, காலையிலேயே போய்விட வேண்டும். மாலையில் போனால் அந்த இளஞ்சிவப்பு நிறம் கிடைக்காது.

கேள்வி: பிரயாணம் முடிந்து பையிலேயே வைத்துவிட்ட லென்ஸுக்குள் வெள்ளை இழை மாதிரி தெரிகிறது. நானே கழற்றித் துடைக்கலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: கழற்றாதீர்கள். பூஞ்சையாக இருக்கும். சர்வீஸில் கொடுத்துப் பாருங்கள். கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது, அதனால் தள்ளிப்போட வேண்டாம். மற்ற லென்ஸ்களை அதோடு ஒரே பையில் வைக்காதீர்கள். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதற்குள் வைக்கவே கூடாது. உங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யும். மாதத்துக்கு இரண்டு தடவையாவது லென்ஸை வெளியே எடுத்து, மாட்டி, நாலு படம் எடுங்கள்.